நாளந்தாவில் அயல்நாட்டு மாணவர்கள்: இத்சிங் குறிப்புகள் காட்டும் அன்றாட வாழ்க்கை

கி.பி. ஏழாம் நூற்றாண்டில் சீனா, கொரியா, வியட்நாம் ஆகிய நாடுகளிலிருந்து பல இளம் துறவிகள் பௌத்தக் கல்வி பெற இந்தியா வந்தனர். வரலாற்று நூல்கள் இவர்களை ‘யாத்ரீகர்கள்’ என்று குறிப்பிடுவது வழக்கம். புனித இடங்களை வணங்கிவிட்டு உடனே திரும்பியவர்களுக்கு அச்சொல் பொருந்தும். பலரோ ஆண்டுக்கணக்கில் தங்கி, அயல்மொழியின் இலக்கணத்தை முதலிலிருந்து கற்று, விடுதி அறைகளில் வாழ்ந்து, ஆசிரியரிடம் பாடம் கேட்டுச் சுவடிகளைப் படியெடுத்தவர்கள். இன்றைய சொல்லில் அவர்கள் வெளிநாடு சென்று படித்த மாணவர்களே.

அவர்களது அன்றாட வாழ்க்கையை அறிய உதவும் முதன்மைச் சான்று சீனத் துறவி இத்சிங் (யி ஜிங், 635–713) எழுதிய இரண்டு நூல்கள். ஒன்று, இந்தியாவிலும் தென்கடல் தீவுகளிலும் பௌத்த மடங்களில் கண்ட நடைமுறைகளை 40 அத்தியாயங்களில் விவரிப்பது. மற்றொன்று, அவர் காலத்தை ஒட்டி இந்தியா நோக்கிப் புறப்பட்ட 56 துறவிகளின் வாழ்க்கைக் குறிப்புகள் அடங்கியது. பாகியானும் யுவான் சுவாங்கும் நாடுகளையும் அரசர்களையும் பற்றி விரிவாக எழுதினர். இத்சிங்கோ சாப்பிடும் முறை, குளிக்கும் நேரம், பல் துலக்கும் குச்சியின் நீளம், நோய் வந்தால் செய்ய வேண்டியவை என்று சிறு செய்திகளையே அதிகம் எழுதினார். அதனால் ஒரு மாணவரின் ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்பதை அவர் வழியாகவே நன்கு அறிய முடிகிறது.

பயணமும் முதல் இழப்புகளும்

இத்சிங் சிறு வயதிலேயே மடத்தில் சேர்ந்தவர். 671ஆம் ஆண்டு இந்தியா செல்லத் திட்டமிட்டபோது அவருடன் வருவதாகச் சொன்ன நண்பர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினர். கடைசியில் சான்சிங் என்ற இளம் சீடர் மட்டுமே உடன் வந்தார். ஃபெங் என்ற அதிகாரியின் குடும்பம் பயணத்துக்கு வேண்டிய பொருளுதவி செய்தது. அவ்வாண்டின் இறுதியில் குவாங்சௌ துறைமுகத்திலிருந்து ஒரு பாரசீகக் கப்பலில் ஏறி, இருபது நாட்களுக்குள் சுமத்திராவில் இருந்த ஸ்ரீவிஜயத்தை அடைந்தார். அங்கே சான்சிங் நோயுற்றுச் சீனாவுக்கே திரும்பிவிட்டதால், அதன்பின் அவர் தனியாகவே செல்ல நேர்ந்தது.

ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணத்தின் தொடக்கப் பாடங்களைக் கற்றார். பிறகு மலையூரில் இரண்டு மாதம் தங்கி, கடாரம் வழியாக வடக்கே சென்றார். வழியில் ‘ஆடையற்றோர் தீவு’ ஒன்றைக் குறிப்பிடுகிறார். தமிழ்க் கல்வெட்டுகள் நக்கவாரம் என்று சொல்லும் நிக்கோபார்த் தீவுகளே அது என்பது அறிஞர்களின் பொதுவான கருத்து. தீவு மக்கள் படகுகளில் வந்து தேங்காயும் வாழைப்பழமும் கொடுத்து இரும்பு கேட்டனர். இரண்டு விரல் அளவு இரும்புக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் வரை கிடைத்ததாக அவர் எழுதுகிறார். 673ஆம் ஆண்டு தொடக்கத்தில் வங்கக் கரையில் இருந்த தாமிரலிப்தித் துறைமுகத்தில் இறங்கினார்.

தாமிரலிப்தியில் அவருக்கு முன்பே பல ஆண்டுகளாக வாழ்ந்துவந்த தாசெங்தெங் என்ற துறவி இருந்தார். யுவான் சுவாங்கின் மாணவரான இவர் இலங்கைக்கும் சென்று வந்தவர். இத்சிங் ஏறத்தாழ ஓராண்டு அவருடன் தங்கி வடமொழி கற்றார். முன்னே வந்து ஊரறிந்த ஒருவர், புதிதாக வந்தவருக்கு மொழியும் வழியும் சொல்லிக்கொடுப்பது அன்றும் இருந்திருக்கிறது.

பிறகு இருவரும் நூற்றுக்கணக்கான வணிகர்களுடன் நாளந்தா நோக்கிப் புறப்பட்டனர். மகாபோதியை அடையப் பத்து நாள் இருக்கும்போது இத்சிங் கடும் நோயுற்றுப் பின்தங்கினார். சிறிது தூரம் நடக்கவும் பலமுறை நின்று இளைப்பாற வேண்டியிருந்தது. மாலையில் வில்லேந்திய கள்வர்கள் அவரைச் சூழ்ந்து மேலாடை, கீழாடை எல்லாவற்றையும் பறித்தனர். வெளுத்த நிறமுள்ளவர்களைப் பிடித்துப் பலியிடுவார்கள் என்ற வதந்தியை அவர் முன்பே கேட்டிருந்தார். ஆகவே சேற்றுக் குழியில் இறங்கி உடல் முழுவதும் சேறு பூசி, இலைகளால் மறைத்துக்கொண்டு, கோலூன்றி நடந்தார். இரவு நெடுநேரம் கழித்து ஓர் ஊரை நெருங்கியபோது, வெளியே நின்று தம் பெயர் சொல்லி அழைக்கும் தாசெங்தெங்கின் குரல் கேட்டது. அவர் கொடுத்த ஆடையை உடுத்தி, குளத்தில் உடலைக் கழுவிய பிறகே இத்சிங் ஊருக்குள் நுழைந்தார்.

விடுதியும் அறையும்

இத்சிங் 675 முதல் 685 வரை ஏறத்தாழ பத்து ஆண்டுகள் நாளந்தாவில் வாழ்ந்தார். அப்போது அங்கே 3,000க்கும் மேற்பட்ட துறவிகள் இருந்ததாகவும், எட்டு மண்டபங்களும் 300 அறைகளும் இருந்ததாகவும் எழுதுகிறார். அரசர்கள் தலைமுறை தலைமுறையாக வழங்கிய 200க்கும் மேற்பட்ட ஊர்களின் வருவாயில் மடம் நடந்தது. அதனால் அங்கு தங்கிய துறவிகள் உணவுக்காக அலைய வேண்டியதில்லை. துறவு மேற்கொள்ளாமல் படிக்க மட்டும் வந்த பிள்ளைகளும் இருந்தனர். அவர்கள் தங்கள் செலவைத் தாங்களே ஏற்க வேண்டும் என்பது விதி.

அறைகள் சிறியவை. வாசலுக்குத் திரை போட அனுமதி இல்லை. ஒருவர் அறையை மற்றவர் பார்க்கும்படி இருந்தால்தான் ஒழுங்கு நிலைக்கும் என்பது காரணம். ஆண்டுதோறும் மழைக்காலத் தங்கலுக்கு முன் அறைகள் புதிதாகப் பங்கிடப்பட்டன. மூத்தோருக்கு நல்ல அறை முதலில் ஒதுக்கப்பட்டு, பிறகு படிப்படியாக இளையோருக்கு வழங்கப்படும். இந்த ஏற்பாட்டை இத்சிங் பெரிதும் பாராட்டுகிறார். ‘இது என் அறை’ என்ற பற்று நிலைக்காமல் போவதும், புதியவருக்கு இடம் உறுதியாவதும் இதன் பயன்கள் என்பது அவர் கருத்து. மடத்தின் பொதுக் காரியங்களை ஒருவர் தம் விருப்பப்படி முடிவு செய்ய முடியாது. அவை கூட்டத்தின் ஒப்புதலோடு நடக்க வேண்டும் என்றும் குறிப்பிடுகிறார்.

நாளந்தாவின் தலைமை ஆசிரியர்களாகப் புகழ்பெற்றோரில் தமிழகத்தைச் சேர்ந்தவரும் உண்டு. இத்சிங்குக்கு ஒரு நூற்றாண்டு முன்னதாக வாழ்ந்த தர்மபாலர் காஞ்சிபுரத்தில் பிறந்தவர் என்று யுவான் சுவாங் எழுதியிருக்கிறார். பல மொழியினர் கூடிய அந்த இடத்தில் வடமொழியே பொதுக் கல்வி மொழியாக இருந்தது.

ஒரு நாளின் ஒழுங்கு

நாளந்தாவில் நேரத்தை அளந்தது நாழிகை வட்டில். பெரிய செப்புப் பாத்திரத்தில் நீர் நிரப்பி, அடியில் ஊசித்துளை உள்ள சிறு செப்புக் கிண்ணத்தை அதில் மிதக்க விடுவார்கள். துளை வழியே நீர் ஏறி, கிண்ணம் நிரம்பி மூழ்கியதும் முரசு அடிக்கப்படும். விடியற்காலை தொடங்கி முதல் முறை மூழ்கும்போது ஓர் அடி, இரண்டாம் முறை இரண்டு அடி என்று எண்ணிக்கை கூடும். நான்காம் முறை முரசோடு சங்கும் ஊதுவார்கள். இதேபோல் மீண்டும் நான்கு முறை மூழ்கினால் நண்பகல். நண்பகலுக்குப் பின் துறவிகள் உண்ணக்கூடாது என்பதால், வட்டிலின் கணக்கு தவறாமல் இருப்பது முக்கியம். மேகம் மூடிய நாளிலும் நேரம் தெரியும் என்று இத்சிங் வியக்கிறார். இக்கருவியைச் சீன மடங்களும் செய்துகொள்ள வேண்டும் என்று பரிந்துரைக்கிறார்.

காலையில் எழுந்ததும் பற்குச்சி மெல்ல வேண்டும். அதன் நீளம் பன்னிரண்டு விரற்கடை. குறைந்தது எட்டு விரற்கடை. பருமன் சுண்டுவிரல் அளவு. ஒரு முனையை மென்று பல் துலக்கிய பிறகு, குச்சியைப் பிளந்து வளைத்து நாக்கை வழிக்க வேண்டும். சீனர்கள் இதை வில்லோ மரக் குச்சி என்று நெடுங்காலமாகத் தவறாக எண்ணிவந்தனர். இந்தியாவில் அந்த மரமே அரிது என்று இத்சிங் திருத்துகிறார். நூலில் படித்த ஒரு சொல்லின் பொருளை நேரில் பார்த்துத் தெளிந்ததற்கு இது எளிய எடுத்துக்காட்டு.

நாளந்தாவைச் சுற்றிப் பத்துக்கும் மேற்பட்ட பெரிய குளங்கள் இருந்தன. காலையில் மணி ஒலித்ததும் துறவிகள் குளியல் துணியுடன் நூறு பேராகவும், ஆயிரம் பேராகவும் கிளம்பி எல்லாத் திசைகளிலும் உள்ள குளங்களுக்குச் செல்வார்கள். உணவுக்கு முன்பு குளிப்பதே உடலுக்கு நல்லது, உண்டபின் குளிப்பது கேடு என்று அங்கே சொல்லிக்கொடுத்தனர்.

மாலையில் வழிபாடு. அத்தனை பேரும் ஓரிடத்தில் கூட இயலாததால், பாடல் ஓதும் ஒருவர் மண்டபம் மண்டபமாகச் செல்வார். அவருக்கு முன்னால் சிறுவர்கள் மலரும் நறும்புகையும் ஏந்திச் செல்வார்கள். அவரவர் இருந்த இடத்திலிருந்தே வழிபாட்டில் கலந்துகொள்வார்கள்.

உண்ணும் முறை

வெளிநாட்டு மாணவருக்குப் பழக்கம் மாற வேண்டிய முதல் இடம் உணவுக்கூடம். சீனாவில் துறவிகள் உயரமான அகன்ற பலகைகளில் காலை மடக்கி, முழங்கால் முட்டும்படி நெருங்கி அமர்ந்து உண்பர். நாளந்தாவில் ஒவ்வொருவருக்கும் ஏழு அங்குல உயரமுள்ள சிறு பின்னல் இருக்கை. கால் தரையில் ஊன்றியிருக்கும். ஒருவரை ஒருவர் தொடாதபடி இடைவெளி விட்டு அமர்வர். தரை சாணத்தால் மெழுகப்பட்டிருக்கும்.

முதலில் சிறு துண்டு இஞ்சியும் சிறிது உப்பும் இலையில் வைக்கப்படும். பிறகு சோறு, நெய் சேர்த்த பருப்பு ஆகியவை வரும். வலக்கையால் பிசைந்து உண்ண வேண்டும். அப்பம், பழம், சர்க்கரை ஆகியவை தொடரும். குடிப்பதற்கு எக்காலத்திலும் குளிர்ந்த நீரே. சீனர் வழக்கமாகப் பயன்படுத்தும் உணவுக் குச்சிகளை இந்தியாவில் எவரும் கேள்விப்பட்டதே இல்லை. நோயுற்றவர் கரண்டி பயன்படுத்தலாம். உணவுக் குச்சிகளை விநய நூல்கள் விதிக்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. ஆகவே சொந்த நாட்டு வழக்கப்படி சீனாவில் அவற்றைப் பயன்படுத்துவதில் குற்றமில்லை என்று இத்சிங் முடிவு கூறுகிறார். எதை மாற்ற வேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம் என்று அவர் பிரித்துப் பார்த்த விதம் இதில் தெரிகிறது.

அவர் மிகவும் வலியுறுத்துவது எச்சில் பற்றிய கட்டுப்பாடு. ஒரு கவளம் உண்டாலும் வாய் கொப்பளித்துக் கை கழுவும்வரை அவர் தூய்மையற்றவர், பிறரைத் தொடக்கூடாது. மீந்ததை மீண்டும் பாத்திரத்தில் போடக்கூடாது. குடிநீருக்கு மண் குண்டிகை, கழுவும் நீருக்குச் செம்பு அல்லது இரும்புக் குண்டிகை என்று இரண்டு வைத்திருக்க வேண்டும். நீரில் சிற்றுயிர்கள் உள்ளனவா என்று பார்த்து, துணியால் வடிகட்டியே பயன்படுத்த வேண்டும். தமிழர் வீடுகளில் எச்சில், பத்து என்று வழங்கும் பழக்கங்களை அறிந்தவர்களுக்கு இப்பகுதி புதிதாகத் தோன்றாது. ஆனால் ஓர் அயல்நாட்டவருக்கு இது நூல் கற்பதைப் போலவே பயின்று தேர வேண்டிய பாடமாக இருந்தது.

கல்வியும் ஆசிரியரும்

இந்தியச் சிறுவர்கள் ஆறு வயதில் எழுத்துப் பாடத்தைத் தொடங்கி ஆறு மாதத்தில் முடிப்பர். எட்டு வயதில் பாணினியின் சூத்திரங்களை எட்டு மாதத்தில் மனப்பாடம் செய்வர். பத்து வயதில் வினைவேர்களும் சொல்லாக்கமும். பதினைந்து வயதில் சூத்திரங்களுக்கான விரிவுரை. விரிவுரையை மட்டும் கற்க ஐந்தாண்டு ஆகும் என்கிறார் இத்சிங். சீனாவிலிருந்து வருபவர்கள் இவ்விரிவுரையைக் கற்ற பிறகே மற்ற நூல்களைத் தொட வேண்டும், இல்லையெனில் உழைப்பு வீண் என்று எச்சரிக்கிறார். அவர் இந்தியாவுக்கு வரும்போது முப்பத்தைந்து வயதைக் கடந்தவர். பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பாடத்தை அந்த வயதில் தொடங்கியவரின் அனுபவம் இந்த எச்சரிக்கையில் இருக்கிறது.

இலக்கணம் முடித்தவர்கள் நாளந்தாவிலோ மேற்கிந்தியாவின் வலபியிலோ இரண்டு மூன்று ஆண்டுகள் தங்கி விவாதத்தில் தேர்ச்சி பெறுவர். நாளந்தாவில் இரத்தினசிம்மர் என்ற ஆசிரியரை இத்சிங் பெயர் சொல்லிப் போற்றுகிறார்.

ஆசிரியர்–மாணவர் உறவு பாடத்தோடு நிற்கவில்லை. மாணவர் இரவின் முதல் யாமத்திலும் கடை யாமத்திலும் ஆசிரியரிடம் செல்வார். பாடம் கேட்பதோடு, ஆசிரியரின் உடலைப் பிடித்துவிடுவது, ஆடைகளை மடித்து வைப்பது, அறையைப் பெருக்குவது, நீரைச் சோதித்துக் கொடுப்பது ஆகியவை மாணவரின் கடமை. மாணவர் நோயுற்றால் ஆசிரியர் தம் பிள்ளையைப் போல் கவனிக்க வேண்டும்.

நோயும் மருந்தும்

உடல்நலம் அயல்நாட்டு மாணவர்களின் பெரிய கவலை. நோய் வந்தால் முதல் மருந்து பட்டினி என்பது இந்திய முறை. இத்சிங் இந்திய மருத்துவத்தையும் ஓரளவு முறையாகக் கற்றார். துறவிக்கு அது தொழில் அல்ல என்று கருதிப் பின்னர் கைவிட்டார். இந்தியாவில் பச்சைக் காய்கறிகளைச் சமைக்காமல் உண்பதில்லை, அதனால் வயிற்றுநோய் குறைவு என்று கவனித்து எழுதுகிறார். அதேநேரம் மூலிகைகளில் சீனாவே சிறந்தது என்றும் கருதினார். தாய்நாட்டைப் பிரிந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தேநீரும் ஒரு கசப்பு வேரின் கஷாயமும் மட்டுமே தம்மைக் காத்தன என்று குறிப்பிடுகிறார். உணவு, உடை, மொழி எல்லாம் மாறிய பிறகும் அவர் கைவிடாத ஊர்ப்பழக்கம் இது.

திரும்பாதவர்கள்

நாளந்தாவில் இருந்த சீன நூல்களைப் புரட்டியபோது, இத்சிங் ஒரு சுவடியின் இறுதியில் ஒரு குறிப்பைக் கண்டார். பற்குச்சி மரத்தின் அடியில் சில்லா நாட்டுத் துறவி ஹேயொப் இதை எழுதினார் என்று அதில் இருந்தது. சில்லா இன்றைய கொரியாவில் இருந்த அரசு. மடத்தில் விசாரித்தபோது, அவர் இங்கேயே இறந்துவிட்டார், வயது அறுபதை நெருங்கியிருந்தது என்று சொன்னார்கள். ஆரியவர்மர் என்ற மற்றொரு கொரியரும் நாளந்தாவிலேயே காலமானவர்.

56 பேரின் வரலாறுகளைப் படிக்கும்போது இத்தகைய முடிவுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. சாங்மின் என்ற துறவி சென்ற வணிகக் கப்பல் மூழ்கியபோது, சிறு படகில் தமக்குக் கொடுத்த இடத்தைப் பிறருக்கு விட்டுவிட்டு, சீடருடன் கடலில் மாண்டார். சுவான்சாவோ நாளந்தாவில் படித்துச் சீனா திரும்பியவர். அரசர் ஆணையால் இரண்டாம் முறை வந்தபோது நிலவழிகள் போரால் அடைபட்டதால் திரும்ப முடியாமல் இந்தியாவில் இறந்தார். இத்சிங்குக்கு மொழி சொல்லிக்கொடுத்த தாசெங்தெங் குசிநகரத்தில் காலமானார்.

தமிழகத்தோடு நேரடித் தொடர்புள்ளவர் வூசிங். கடாரத்திலிருந்து முப்பது நாள் கப்பலில் வந்து அவர் இறங்கிய இடம் நாகப்பட்டினம். அங்கிருந்து இரண்டு நாளில் இலங்கையை அடைந்து புத்தரின் பல் நினைவுச்சின்னத்தை வணங்கினார். பின்னர் நாளந்தாவில் இத்சிங்குடன் படித்தார். 56 வயதில் வடக்கு வழியாக ஊர் திரும்ப அவர் எண்ணியிருந்தபோது, இருவரும் நாளந்தாவிலிருந்து ஆறு யோசனை தூரம் சேர்ந்து நடந்தனர். மீண்டும் பார்ப்போம் என்ற நம்பிக்கையோடு இருவரும் கண்ணீருடன் பிரிந்தனர். வூசிங் வட இந்தியாவைத் தாண்டவில்லை, வழியிலேயே இறந்தார். அவர் சேர்த்த சுவடிகள் மட்டுமே சீனாவை அடைந்தன.

இத்துயரங்களுக்கு ஒரு நடைமுறைக் காரணத்தையும் இத்சிங் சொல்கிறார். மகாபோதி வட்டாரத்தில் இலங்கை உட்படப் பல நாட்டினர் தம் நாட்டவர் தங்க மடம் வைத்திருந்தனர். சீனருக்கு மட்டும் அப்படி ஒன்றில்லை. முற்காலத்தில் ஸ்ரீகுப்தர் என்ற அரசர் சீனத் துறவிகள் சுமார் இருபது பேருக்காக ஒரு மடம் கட்டி 24 ஊர்களை வழங்கியதாகக் கேள்வி. இத்சிங் காலத்தில் அதன் அடித்தளம் மட்டுமே மிஞ்சியிருந்தது. தங்க நிலையான இடம் இருந்தால் வருபவர்கள் அலைந்து அழிய மாட்டார்கள் என்பது அவரது ஆதங்கம்.

திரும்பிய வழி

685 அளவில் இத்சிங் ஐந்து இலட்சம் சுலோக அளவுள்ள சுவடிகளுடன் புறப்பட்டார். தாமிரலிப்தியை அடையும் முன் மீண்டும் கள்வரிடம் சிக்கி உயிர் தப்பினார். ஸ்ரீவிஜயத்தில் தங்கி மொழிபெயர்க்கத் தொடங்கியபோது தாளும் மையும் போதவில்லை. 689இல் அவற்றைக் கேட்டுக் குவாங்சௌவுக்குக் கடிதம் அனுப்புவதற்காகத் துறைமுகத்தில் நின்ற கப்பலில் ஏறினார். அந்நேரம் சாதகமான காற்று எழவே, வணிகர்கள் பாய் விரித்துவிட்டனர். நிறுத்தச் சொல்லியும் வழியில்லை. பதினெட்டு ஆண்டுகள் பிரிந்திருந்த சொந்த நாட்டில் கையில் ஒரு சுவடியும் இல்லாமல் அவர் இறங்கினார். சுவடிகள் எல்லாம் ஸ்ரீவிஜயத்தில் இருந்ததால், செங்கு உள்ளிட்ட நான்கு உதவியாளர்களுடன் சில மாதங்களிலேயே மீண்டும் கப்பலேறினார்.

692இல் தம் இரு நூல்களையும் தாஜின் என்ற துறவி வழியே சீனாவுக்கு அனுப்பினார். 695இல் லுவோயாங் நகரை அடைந்தபோது, பேரரசி வு செதியான் நகர வாயிலுக்கு வெளியே வந்து அவரை வரவேற்றார். அவர் கொண்டுவந்தவை ஏறத்தாழ 400 நூல்கள். அதன்பின் இறக்கும்வரை மொழிபெயர்ப்பிலேயே ஈடுபட்டார்.

வரலாற்று மதிப்பு

இத்சிங்கின் குறிப்புகளைப் பயன்படுத்தும்போது அவரது நோக்கத்தை மறக்கக்கூடாது. சீன மடங்களில் ஒழுக்கவிதிகள் தளர்ந்துவிட்டன என்று கருதி, அவற்றைத் திருத்தவே அவர் எழுதினார். ஆகவே இந்திய வழக்கங்கள் சில இடங்களில் உள்ளதைவிடச் சீராகத் தோன்றக்கூடும். ஆனால் அதே நோக்கத்தால்தான், மற்றவர்கள் எழுதத் தகாதவை என்று விட்டுவிட்ட குளியல் துணியும் இருக்கையின் உயரமும் அவர் நூலில் இடம்பெற்றன. 1896இல் சப்பானிய அறிஞர் தககுசுவின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்த பிறகு, இந்திய, தென்கிழக்காசிய வரலாற்றாய்வில் இந்நூல் இன்றியமையாததாகியது. ஸ்ரீவிஜயம் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் இதுவும் ஒன்று.

இந்தியா செல்லும் சீனர்கள் முதலில் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரு ஆண்டுகள் தங்கி மொழியும் ஒழுங்கும் பழகிக்கொண்டு பிறகு செல்லலாம் என்று இத்சிங் அறிவுரை கூறினார். அவ்வழியில்தான் நாகப்பட்டினமும் இருந்தது. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், முதலாம் இராசராச சோழன் காலத்தில், ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரையைக் கட்டினார். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊர் வழங்கப்பட்டதை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. அயல்நாட்டில் தம்மவர் தங்க ஒரு மடம் வேண்டும் என்று இத்சிங் ஏங்கியதைப் போன்ற ஓர் ஏற்பாடு, அவரது நண்பர் வூசிங் இறங்கிய அதே துறைமுகத்தில் அமைந்தது.